பென்குவின் கணித்த ஜாதகம்

இது வாத்து இல்லை சார், பென்குவின். பையைப் பார்க்கிற எல்லோரும் வாத்து என்றுதான் நினைக்கிறார்கள். போன வாரம் ஒரு கண்டக்டர், கோழிப் பண்ணையில் வேலையா என்று கேட்டார். லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். கணினியை இயக்குகிற அடிப்படை மென்பொருள். விண்டோஸ் செய்கிற வேலையையே செய்யும், ஆனால் இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். அதன் அடையாளம்தான் இந்தப் பறவை.

நன்றாக உட்காருங்கள், நான் நகர்ந்துகொள்கிறேன். திருநெல்வேலி வரைக்கும்தானே? நானும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் குரூப் தேர்வுப் பயிற்சிக்குப் போகிறேன். மற்ற நாட்களில் சங்கரன்கோவிலில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் கணினி வேலை. பெயர் இசக்கிராஜா, பி.எஸ்சி. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. சும்மா சொல்லவில்லை, தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இருக்கிறது. அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா லாரியில் லோடு ஏற்றுகிறார். நான் ஒரு தப்பு செய்தால் அது மூன்று பேர் தலையில் விழும். அதனால் எதையும் இரண்டு முறை பார்த்துத்தான் செய்வேன்.

பொய்யும் சொல்ல மாட்டேன் சார். பெருமைக்காகச் சொல்லவில்லை, பழக்கம் அப்படி. போன மாதம் ஒரு கல்யாணம் நின்றுபோனது. அதற்கு நான் காரணம் இல்லை. எங்கள் அலுவலகத்தில் வேறு மாதிரி பேசுகிறார்கள். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலாளி பெயர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. மையத்தில் இருப்பது ஒரே ஒரு கணினி. அதில் இருந்த விண்டோஸ், விற்ற கடைக்காரர் காசு கொடுக்காமல் ஏற்றிக் கொடுத்தது. கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு நாள் திரை முழுக்கக் கறுப்பாகிவிட்டது. வலது மூலையில் ஆங்கிலத்தில் ஒரு வரி: இந்த நகல் உண்மையானது அல்ல. அந்த வரி எதைத் திறந்தாலும் கூடவே நின்றது. அன்றைக்குப் பார்த்துக் கழுகுமலையிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மகளுக்கு வரன் பார்க்க வந்திருந்தார். திரையில் மாப்பிள்ளையின் போட்டோ. மூலையில் அந்த வரி. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சத்தமாகப் படித்தார்.

"என்ன அண்ணாச்சி, நாட் ஜெனியூன்னு போட்டிருக்கு? அசல் மாப்பிள்ளை எங்க?"

அண்ணாச்சி சிரித்துச் சமாளித்தார். அவர் போன பிறகு ஒரு லட்சுமி ஸ்டிக்கரை எடுத்து அந்த மூலையில் ஒட்டினார். மார்கழி முழுக்க லட்சுமிதான் எங்களைக் காப்பாற்றினாள்.

கடைக்காரரைக் கூப்பிட்டால் மறுபடியும் திருட்டு நகலைத்தான் ஏற்றுவார். நான் கூடாது என்றேன். அதற்குப் பதிலாக லினக்ஸ் போட்டுவிடலாம், திருட்டும் இல்லை, செலவும் இல்லை என்றேன். செலவு இல்லை என்றதும் அண்ணாச்சிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"சும்மாவா? யாருல குடுக்கா?"

"உலகம் முழுக்க இருக்குறவங்க சேர்ந்து எழுதுறாங்க அண்ணாச்சி."

"அவனுவளுக்கு என்ன லாபம்?"

"லாபம் ஒண்ணும் இல்ல."

"லாபம் இல்லாம எவன்ல வேலை செய்வான்? ஏ செல்வி, நீ செய்வியா?"

"பதினோரு வருசமா அதத்தான அண்ணாச்சி செஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்றார் செல்வி அக்கா, கையில் இருந்த போனை வைக்காமலே.

செல்வி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழுப்பெயர் ஆவுடைச்செல்வி. மையத்தில் போன் பேசுவது அவர்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களிடம் ஒரு குரல், பெண் வீட்டுக்காரர்களிடம் ஒரு குரல், அண்ணாச்சியிடம் ஒரு குரல். இதுவரை முந்நூறு கல்யாணமாவது அவர் பேசி முடிந்திருக்கும். அவருக்கு முப்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. செவ்வாய் தோஷம். ஏழாமிடத்தில் செவ்வாய். துணைக்கு ஆகாது என்பார்கள், அதே தோஷம் உள்ளவரைத்தான் கட்ட வேண்டும் என்பார்கள். மையத்தின் பதிவில் அக்காவின் ஜாதக எண் பதினேழு. ஆயிரத்து நானூறைத் தாண்டிவிட்டது பதிவு, பதினேழு அப்படியே இருந்தது. மதியம் அவர் டிபன் பாக்ஸில் பாதி எனக்குத்தான். "தின்னுடா தம்பி, படிச்சுப் படிச்சு எலும்பாப் போயிட்ட" என்பார். நல்லவர் சார். இப்போதும் நல்லவர் என்றுதான் சொல்வேன்.

மார்கழியில் கணினிக்கு உயிர் மாற்றக் கூடாது என்று அண்ணாச்சி தை வரை நிறுத்திவைத்தார். தை முதல் வெள்ளி. நல்ல நேரம் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை, பத்தரைக்கு ராகு காலம். "பத்தேகாலுக்குள்ள முதல் ஜாதகம் வெளிய வந்துரணும். ஒரு நிமிசம் தாண்டப்படாது" என்று சொல்லிவிட்டார். இது அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி இல்லை, எவ்வளவு நேரமாகும் என்று சரியாகச் சொல்ல முடியாது என்றேன். பால் மட்டும் நேரம் சொல்லிவிட்டா பொங்குகிறது என்று கேட்டார்.

கணினிக்கு மாலை போட்டார். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். சாம்பிராணி காட்டியபோது உள்ளே இருந்த விசிறி புகையை அப்படியே இழுத்துக்கொண்டு பின்பக்கமாக விட்டது. அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் பென்டிரைவைச் செருகி, மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்தேன். எல்லோருக்கும் புரியட்டும் என்று. அதுதான் நான் செய்த முதல் தவறு. 'வட்டில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டு நிறுவவா?' என்று கேட்டது.

அண்ணாச்சி பதறிவிட்டார். "ஏல, அழிக்கவான்னு கேக்குது! வெள்ளிக்கிழமையும் அதுவுமா!"

"பழசை அழிச்சாத்தான் அண்ணாச்சி புதுசு உட்காரும். ஜாதகமெல்லாம் பென்டிரைவ்ல பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்."

"கல்யாண ஆபீஸ்ல அந்தச் சொல்லே வரப்படாது. இங்கிலீசுல கேக்கச் சொல்லு."

முதலிலிருந்து ஆரம்பித்து ஆங்கிலத்துக்கு மாற்றினேன். அதே கேள்வியை அது ஆங்கிலத்தில் கேட்டது. அண்ணாச்சி சரி என்று தலையாட்டினார். ஆங்கிலத்தில் அழித்தால் மங்கலம்தான் போலிருக்கிறது. ஆனால் ஆறு நிமிடம் போய்விட்டது சார். அந்த ஆறு நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு லினக்ஸ் உட்கார்ந்துவிட்டது. ஒரு தடங்கலும் இல்லை. ஸ்டிக்கரைக் கிழித்தோம், மூலை சுத்தமாக இருந்தது. அடுத்து ஜாதக மென்பொருள். பழைய மென்பொருள் லினக்ஸில் ஓடாது. அதனால் இலவசமாகக் கிடைக்கும் வேறொன்றை ஏற்றி, ஆயிரத்து நானூறு பேரின் பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாவற்றையும் அதில் கொட்டினேன். கட்டங்களை அது தானே புதிதாகக் கணித்துக்கொள்ளும். கணிப்பதற்கு முன்னால் ஒரு பக்கம் திறந்தது. கணித முறை என்று மேலே தலைப்பு. கீழே பதினைந்து வரிகள். முதல் வரியில் ஏற்கனவே ஒரு புள்ளி இருந்தது.

"மூணு நிமிசம்" என்றார் அண்ணாச்சி.

படிக்க ஆரம்பித்தேன்.

"ரெண்டு."

சரி என்பதை அழுத்திவிட்டேன். என் வாழ்க்கையில் படித்துப் பார்க்காமல் அழுத்திய ஒரே இடம் அதுதான் சார். ஏடிஎம்மில் வருகிற விதிமுறைகளைக்கூட, பின்னால் ஆள் நின்று திட்டினாலும், முழுதும் படிப்பவன் நான்.

பத்தேகாலுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது முதல் ஜாதகம் அச்சாகி வந்தது. அண்ணாச்சி இரண்டு கையாலும் வாங்கினார். மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"உ எங்கல?"

பிள்ளையார் சுழி போட்டேன். பிள்ளையார் படமும் வேண்டும் என்றார், போட்டேன். ஓரத்தில் மாங்காய் பார்டர் கேட்டார், அதையும் போட்டேன். கட்டத்துக்குள் எந்தக் கிரகம் எங்கே இருக்கிறது என்று மட்டும் அவர் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஜாதகத் தொழில் செய்கிறவர். நானும் ஒன்று சேர்த்தேன். அடியில் சின்ன எழுத்தில்: கணித்தவர் மு. இசக்கிராஜா, பி.எஸ்சி. பொறுப்பு என்று ஒன்று வேண்டும் அல்லவா? ஒரு தாளை வீட்டுக்கும் கொண்டுபோனேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் என் பெயர் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்.

மூன்று வாரம் அருமையாகப் போனது. பொருத்தம் பார்ப்பது, அச்சடிப்பது, கவரில் போடுவது. பத்துக்கு ஏழு, பத்துக்கு எட்டு. பழைய மென்பொருளைவிட இது நன்றாகப் பொருத்தம் போடுகிறது என்று பெயரே வந்துவிட்டது. இரண்டாம் வாரத்தில் ஒரு மதியம், அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தபோது, செல்வி அக்கா வந்து பதினேழாம் எண்ணைத் திறக்கச் சொன்னார். "உன் வாத்து என்னப் பத்தி என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

திறந்தேன். அக்கா திரைக்குப் பக்கத்தில் வந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இது தப்பாக் காட்டுமா?"

"கம்ப்யூட்டர் தப்பாக் காட்டாதுக்கா. நாமதான் தப்பாப் போடுவோம்."

"நீ தப்பாப் போடுவியா?"

"நானா?" என்று சிரித்தேன்.

"அப்பச் சரி. ரெண்டு தாள் அடி" என்றார்.

அந்தத் தாளில் ஒன்றுதான் புளியங்குடிக்குப் போனது. மாப்பிள்ளை பெயர் வேலாயுதம், முப்பத்தெட்டு வயது, ஒரு தனியார் பள்ளியில் எழுத்தர். அம்மா சொர்ணத்தம்மாள். வந்து பெண் பார்த்தார்கள், பிடித்திருந்தது. மாசியில் நிச்சயம், வைகாசியில் கல்யாணம் என்று பேசினார்கள். அக்கா அலுவலகத்துக்குக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார். போனில் பெண் வீட்டுக்காரர்களிடம் பேசும்போதுகூட மாப்பிள்ளை வீட்டுக்காரர்களிடம் பேசுகிற இனிப்பான குரல் வந்துவிட்டது.

அப்புறம்தான் ஒரு ஆட்டோ டிரைவர் வந்தார். தங்கைக்கு நாங்கள் கொடுத்த ஜாதகத்தையும், பிறந்தபோது நோட்டில் எழுதிவைத்த ஜாதகத்தையும் மேஜை மேல் போட்டார். "இதுல ரோகிணி மூணாம் பாதம், இதுல நாலாம் பாதம். எந்தங்கச்சி ரெண்டு தடவை பொறந்தாளா?"

அந்தக் கணித முறைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும் சார், பஞ்சாங்கம் இரண்டு வகை. வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. கிரகம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதில் இரண்டுக்கும் கொஞ்சம் வித்தியாசம் வரும். எங்கள் மையத்தில் ஆரம்பத்திலிருந்தே வாக்கியம். அந்த முதல் வரியில் இருந்தது திருக்கணிதம். வாக்கியம் பதினோராவது வரியில் இருந்தது. ஆறு நிமிடம் இருந்திருந்தால் பதினோராவது வரி வரை படித்திருப்பேன்.

ஓரத்தில் இருந்த கிரகங்களெல்லாம் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்திருந்தன. பதினேழாம் எண்ணை இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்தேன். வாக்கியத்தில் செவ்வாய் ஏழாமிடம், தோஷம். திருக்கணிதத்தில் ஆறாமிடம், தோஷம் இல்லை.

அண்ணாச்சியிடம் போனேன்.

"எத்தன பேருக்குக் குடுத்திருக்கோம்?" என்றார்.

"இருநூத்திப் பன்னெண்டு."

"எத்தன பேரு திரும்பி வந்தான்?"

"ஒருத்தர்."

"அப்ப ஒருத்தனுக்கு மாத்திக் குடு."

"மத்தவங்களுக்கு?"

"மத்தவன்லாம் சந்தோசமா இருக்கான். நல்லா இருக்குறவன் வீட்டுக் கதவ எதுக்குல தட்டுத?"

அக்காவிடம் சொன்னேன். அவர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "தெரியும்" என்றார்.

"எப்பலேர்ந்துக்கா?"

"அன்னைக்கே. பதினோரு வருசம் இந்த நாற்காலில உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? ரெண்டும் பஞ்சாங்கம்தான். இத்தன நாள் ஒண்ணு என்னப் பாத்துச்சு. இனிமே இன்னொண்ணு பாக்கட்டுமே. நீ வாயத் தொறக்காத. என்ன?"

நான் தலையை ஆட்டினேன். தலையைத்தான் ஆட்டினேன் சார். சத்தியம் எதுவும் செய்யவில்லை.

எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. அறிவியல் படித்தவன். செவ்வாயில் பாறையும் மண்ணும்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் தவறாகக் கணித்தது தவறாகக் கணித்ததுதானே? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாளைக்குக் கல்யாணம் முடிந்து அந்த வேலாயுதத்துக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் என்ன செய்வார்கள்? ஜாதகத்தை எடுப்பார்கள். வேறொரு ஜோசியரிடம் காட்டுவார்கள். அவர் ஏழில் செவ்வாய் என்பார். பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அடியில் யார் பெயர் இருக்கிறது? பயத்தில் சொல்லவில்லை. நேர்மை என்று ஒன்று இருக்கிறது அல்லவா, அது ஒரு மனிதனை இப்படித்தான் போட்டு வாட்டும்.

நான்காம் நாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, இரண்டு முறையிலும் அச்சடித்த தாள்களோடு புளியங்குடிக்குப் பஸ் ஏறினேன்.

சொர்ணத்தம்மாள் கதவைத் திறந்தார். மகன் பள்ளிக்கூடம் போயிருந்தார், வீட்டில் இருந்த இன்னொருவர் கல்யாணமான மகள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று தோன்றியது. பெண்ணுக்கு வாக்கியப்படி தோஷம் இருக்கிறது, தப்பு என்னுடையது, பெண் மேல் குற்றம் இல்லை என்றேன். அந்தம்மா திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏழுலயா இருக்கு?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. "நல்லாப் பாத்தியா தம்பி? நிச்சயமா?"

"நிச்சயம்மா."

"முருகா" என்று சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். தாளை வாங்கிக்கொண்டு மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. மகள், "அப்ப ரெண்டு பேருக்கும்..." என்று ஆரம்பித்தார். அம்மா, "ஏட்டி, மெள்ளப் பேசு" என்றார். நான் காதை அந்தப் பக்கம் வைக்கவில்லை சார், பிறர் வீட்டுப் பேச்சு.

வெளியே வந்தபோது அந்தம்மா கையில் காப்பி, மிக்சர், ஒரு தட்டில் கேசரி. தோஷம் என்று சொல்ல வந்தவனுக்குக் கேசரி!

"எங்களுக்கு ஜாதகம் பெருசில்ல தம்பி. மனசுதான் பெருசு. அந்தப் பொண்ணு குறையோட இருந்தாலும் நாங்க ஏத்துக்கிடுதோம். வேற யாரு ஏத்துக்கிடுவா, சொல்லு?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று.

"ஆனா அவகிட்டச் சொல்லிரு. நாங்க பெரிய மனசு பண்ணித்தான் எடுக்குதோம். கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போறேன் அது இதுன்னு நிக்கப்படாது. இங்க நான் சொல்றதுதான். மறுபேச்சு இருக்கப்படாது. அவளுக்கே தெரியும், அவ நெலமை."

நியாயமாகத்தான் பட்டது. அவ்வளவு பெரிய உதவி செய்கிறவர்கள் நாலு வார்த்தை சொல்லத்தானே செய்வார்கள்.

மறுநாள் காலையில் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். இனி மறைக்க எதுவுமே இல்லை, அவர்களே ஏற்றுக்கொண்டார்கள், நிம்மதியாகத் தூங்கலாம் என்றேன். அக்கா கனகாம்பரத்தைத் தலையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். திட்டவில்லை. கேள்வி மட்டும் கேட்டார்.

"கேசரி குடுத்தாங்களா?"

"ஆமாக்கா. முந்திரிப் பருப்பு போட்டு."

"உள்ள போயி என்ன பண்ணாங்க?"

"டிரங்குப் பெட்டியத் திறந்தாங்க."

"என்ன பேசுனாங்க?"

அப்ப ரெண்டு பேருக்கும் என்று மகள் சொன்னதைச் சொன்னேன். அக்கா எழுந்து அலமாரிக்குப் போனார். கணினி வருவதற்கு முன்பு கையால் எழுதிய பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. தூசி தட்டி ஒன்றை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, விரலை வைத்து நிறுத்தினார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் அதே வேலாயுதம், அதே புளியங்குடி. பிறந்த நேரம் காலை எட்டு பத்து. இப்போது எங்களிடம் கொடுத்திருந்தது ஒன்பது நாற்பது.

"இத அடி" என்றார். எட்டு பத்து என்று போட்டு, வாக்கியத்தில் கணித்தேன். ஏழாமிடத்தில் செவ்வாய், தெளிவாக உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டில் பெண் கிடைக்காமல் நேரத்தை மாற்றியிருக்கிறார்கள்.

எனக்கு ஒரே சந்தோஷம். "அக்கா! ரெண்டு பேருக்குமே தோஷம்! ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு! பொருத்தம் பத்துக்கு எட்டு!"

அக்கா சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். அண்ணாச்சி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். பிறகு அக்கா போனை எடுத்துப் புளியங்குடிக்குப் போட்டார், ஸ்பீக்கரில்.

"அம்மா, ஆவுடைச்செல்வி பேசுறேன். உங்க பையன் எத்தன மணிக்குப் பொறந்தாரு?"

"ஒம்பது நாப்பதுமா. ஏன்?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பெத்தவளுக்குத் தெரியாதா? ஒம்பது நாப்பதுதான். ஏம்மா, நாங்கதான் உன் குறையவே பெருசா எடுத்துக்கிடலையே, நீ எதுக்கு இதையெல்லாம் கிளறுத?"

"எட்டு பத்துன்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. சொன்னா நாளைக்கே நிச்சயம் பண்ணிக்கிடலாம்."

அந்தப் பக்கம் போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசுகிற சத்தம் கேட்டது. பிறகு, "யாரோ என்னமோ சொல்லியிருக்காங்க. ஒம்பது நாப்பதுதான்" என்று வந்தது.

"அப்ப எனக்கு வேண்டாம்மா" என்று வைத்துவிட்டார்.

நான் கெஞ்சினேன் சார். அக்கா, கணக்கு சரியாக வருகிறதே, யார் என்ன நேரம் சொன்னால் என்ன என்றேன். "கணக்கு சரியா வருதுன்னு அவங்களுக்கும் தெரியும்டா" என்றார். "ரெண்டு பேருக்கும் இருக்குன்னு ஒத்துக்கிட்டா நானும் அவரும் சமம். எனக்கு மட்டும் இருக்குன்னா, நான் சாகுற வரைக்கும் அந்த வீட்டுல தலை குனிஞ்சு காப்பி ஆத்தணும். அதுக்கு வழி பண்ணிக் குடுத்துட்டு வந்திருக்க, கேசரி தின்னுட்டு."

இன்னொன்றும் சொன்னார். "நீ நேர்மைக்குப் போகல. தாளுக்கு அடியில உன் பேரு இருந்துச்சு. அதுக்குப் போன."

கோபத்தில் வருகிற வார்த்தை, நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயரை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? வாசலில் புதுப் பலகை மாட்டிவிட்டார். 'வாக்கியம், திருக்கணிதம் இரு முறையிலும் பொருத்தம் பார்க்கப்படும்.' ஒன்றில் வராதது இன்னொன்றில் வந்துவிடுகிறது. கோவில்பட்டியிலிருந்தெல்லாம் வருகிறார்கள். "உன் வாத்து முட்ட போடுதுல" என்று எனக்கு ஒரு சட்டைத் துணி எடுத்துக் கொடுத்தார்.

செல்வி அக்கா ஒரு நாள் மாலை வந்து, "என் ஜாதகத்த எடுத்துரு. பதினேழாம் நம்பரே இருக்கப்படாது" என்றார். அவர் கண் முன்னாலேயே செய்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. என்னை அழுத்த விடாமல் அவரே அழுத்தினார். இப்போது என்னிடம் வேலை விஷயம் மட்டும்தான் பேசுகிறார். தம்பி என்பதில்லை, இசக்கிராஜா என்று முழுப்பெயர். மதியம் டிபன் பாக்ஸைத் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்.

ஒருத்தருக்கு நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு மனசு ஆறவில்லை சார். தேவர்குளம் தாண்டிவிட்டோம், நேரம் குறைவாக இருக்கிறது, நேராகவே கேட்டுவிடுகிறேன். உங்களுக்கு வயது முப்பத்தாறு, முப்பத்தேழு இருக்குமா? கையில் மோதிரம் இல்லை, போனில் அம்மாவிடம்தான் பேசினீர்கள், ஏறும்போதே கவனித்தேன். இதற்கு முன்னால் இந்தப் பஸ்ஸில் மூன்று பேரிடம் பேசினேன், சரிப்பட்டு வரவில்லை. இந்தக் கவரில் அக்காவின் ஜாதகம் இருக்கிறது, பின்பக்கம் போன் நம்பர். அக்காவுக்குத் தெரியாது. அவர் எடுக்கச் சொன்னது கணினியில் இருந்ததை. தாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிடியுங்கள் சார். இரண்டு முறையிலும் அடித்துவைத்திருக்கிறேன். எது தோதாக வருகிறதோ அதை மட்டும் வீட்டில் காட்டுங்கள்.